மைசூரில் படிப்பு... நியூயார்க்கில் லைசென்ஸ்... டெக்சாஸில் வேலை!

நியூயார்க் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிய நர்ஸ் ஒருவர், ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் நியூஜெர்சி ஆஸ்பத்திரியில் போய் ஓர் ஊசிகூடப் போட முடியாது. நடுவே இருப்பது ஒரு பாலம்தான். ஆனால், பாலத்தைத் தாண்டியதும் சட்டப்படி அவர் நர்ஸ் இல்லை. அந்த மாநிலத்துக்குத் தனியாக விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, கைரேகை கொடுத்து, இன்னொரு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே படித்தவருக்கு இது சில வார வேலை. மைசூரில் படித்தவருக்கு அப்படி இல்லை. நியூயார்க்கில் அஞ்சு வருஷம் ஐ.சி.யூ-வில் வேலை பார்த்திருந்தாலும், டெக்சாஸுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ வீடு மாறினால் விசாரணை மைசூருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. எந்தப் பள்ளி, எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு, அதற்குச் சாட்சி யார்? பதில் சொல்ல வேண்டியவர், அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட மறந்துவிட்ட ஒரு கல்லூரி ஆபீஸ் கிளார்க்.

அமெரிக்கா தூரம் என்று நினைக்க வேண்டாம். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியிலும் இதே கதைதான். அந்த மலை ஊருக்குச் சாமராஜநகர் பக்கம், மைசூரும் எட்டும் தூரம். சொந்த மாவட்டத்துச் சத்தியமங்கலத்துக்கு இறங்க வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகவே, பிள்ளைகள் மைசூரில் நர்ஸிங் சேர்வதில் ஆச்சரியமில்லை. படித்து முடித்தால் பெயர் ஏறுவது பெங்களூரில் இருக்கும் கர்நாடக மாநில நர்ஸிங் கவுன்சிலில். ஊருக்குத் திரும்பி, தமிழ்நாட்டில் ஒரு வேலைக்கு மனுப் போட்டால், 'தமிழ்நாடு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறதா?' என்பதுதான் முதல் கேள்வி.

இந்தியாவுக்குள் ஒரு எல்லை, அமெரிக்காவுக்குள் ஐம்பது எல்லை. இரண்டிலும் மாட்டிக்கொள்வது ஒரே பெண்தான்.

மைசூரின் வெள்ளை உடை

நர்ஸிங் படிப்புக்கு மைசூர் நேற்று முளைத்த ஊர் அல்ல. மண்டி மொஹல்லாவில் இருக்கும் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்கிற ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையை வெஸ்லியன் மிஷனரிகள் 1906-ல் தொடங்கினார்கள். மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-ல் பெங்களூரில் தொடங்கி, 1930-ல் மைசூருக்கு வந்தது. அதோடு இணைந்த கே.ஆர். ஆஸ்பத்திரியும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரியும் இன்றும் சுற்று வட்டார ஏழைகளின் புகலிடம். படுக்கை இருக்கும் இடத்தில்தான் நர்ஸிங் பள்ளி வரும். மைசூருக்குப் படுக்கைக்குக் குறையில்லை. ஜே.எஸ்.எஸ். போன்ற பெரிய நிறுவனங்களும் பின்னால் சேர்ந்துகொண்டன.

கேரளத்துப் பெண்கள் வயநாடு வழியாக வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் கூடலூரிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் வந்தார்கள். இன்று கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்றால் வரலாறு குறுக்கே வருகிறது. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதாவது, அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ் அந்த ஆண்டுக்கு முன்னால் 1926-ஆம் ஆண்டு மதராஸ் நர்ஸ்கள் - மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் வருவார். மாநில எல்லை நகர்ந்த பிறகு மைசூர் மாநிலம் 1961-ல் தனக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டது. ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, பதிவேடு மட்டும் ஊர் மாறிய கூத்து அது.

2000-களில் கர்நாடகம் முழுக்கத் தனியார் நர்ஸிங் பள்ளிகள் பெருகின. வளைகுடாவும் லண்டனும் அமெரிக்காவும் ஆள் கேட்ட காலம். சில பள்ளிகள் நன்றாக வளர்ந்தன. சில, பெயர்ப் பலகையோடு சேர்த்து மூடப்பட்டன. இந்த மூடல்தான் பின்னால் பெரிய வினையாக வந்து நிற்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சட்டம் ஒன்று சொல்கிறது, கவுன்ட்டர் ஒன்று சொல்கிறது

இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-ன் கடைசி நாளன்று பிறந்தது. அதன் 11-வது பிரிவு தெளிவாகவே பேசுகிறது: அங்கீகரிக்கப்பட்ட தகுதி ஒன்று இருந்தால், எந்த மாநிலப் பதிவேட்டில் சேரவும் அதுவே போதும். சட்டத்தைப் படித்தால் நர்ஸுக்கு எல்லையே இல்லை என்றுதான் தோன்றும்.

நடைமுறையில், மைசூரில் படித்தவர் முதலில் பெங்களூர் கவுன்சிலில் என்.ஓ.சி. கேட்க வேண்டும். இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர் மேல் புகார் இல்லை, வேறு மாநிலம் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அதோடு சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலுக்கு வந்து, 'ரெசிப்ரோக்கல் ரெஜிஸ்ட்ரேஷன்' போட வேண்டும். மார்க் ஷீட், கோர்ஸ் சர்டிஃபிகேட், பிளஸ் டூ, கர்நாடகப் பதிவின் ஒரிஜினல் எல்லாம் கையில் வேண்டும். ஒரிஜினலைக் கல்லூரியோ முந்தைய ஆஸ்பத்திரியோ பிடித்து வைத்திருந்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். பாண்டு முடியவில்லை, ஃபீஸ் பாக்கி என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி சர்டிஃபிகேட்டை அடைத்து வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இன்னும் ஒழியவில்லை. படித்தவரின் சான்றிதழை ஈட்டுப் பொருளாக வைத்துக்கொள்ள யார் அனுமதி கொடுத்தது என்று எவரும் கேட்பதுமில்லை.

2017-ல் இதில் இன்னொரு முடிச்சு விழுந்தது. நர்ஸிங் கல்லூரிக்கு டெல்லியிலிருக்கும் இந்திய நர்ஸிங் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டுமா, மாநில அரசும் மாநிலக் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் சொன்னால் போதுமா என்ற வழக்கு கர்நாடகத்தில் பெரிதாக வெடித்தது. நிறுவனங்களை அங்கீகரிக்கும் அதிகாரம் டெல்லிக்கு இல்லை என்று கல்லூரி நிர்வாகங்கள் வாதாடின. வாதம் யாருடையதாக இருந்தாலும் வயிறு கலங்கியது மாணவர்களுக்குத்தான். கர்நாடகத்தில் படித்துவிட்டுச் சொந்த மாநிலம் திரும்பினால் பதிவு கிடைக்குமா, வங்கி கல்விக் கடன் கொடுக்குமா, வெளிநாடு போகும்போது 'உங்கள் கல்லூரி டெல்லிப் பட்டியலில் இல்லையே' என்பார்களா? பதினேழு வயதில் அட்மிஷன் போட்ட பிள்ளைக்கு அரசியல் சட்டத்தின் அதிகாரப் பங்கீடு பற்றி என்ன தெரியும்!

தேசிய அளவில் ஒரே பதிவேடு கொண்டுவர முயற்சி நடந்திருக்கிறது. நர்ஸ்கள் பதிவு - கண்காணிப்பு முறை என்ற பெயரில், ஆதாரோடு இணைத்து, ஒவ்வொருவருக்கும் 'என்.யூ.ஐ.டி.' எண் கொடுக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் தேசிய நர்ஸிங் - மகப்பேறு உதவிப் பணி ஆணையச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 1947 சட்டத்தின் இடத்தைப் பிடிக்க வந்த சட்டம் அது. தேசியப் பதிவேடும் மாநிலப் பதிவேடும் இருக்கும் என்கிறது. நல்லது. ஆனால், பதிவேட்டில் பெயரும் எண்ணும் ஏறினால் மட்டும் முடிச்சு அவிழாது. அமெரிக்கா கேட்பது பெயரையும் எண்ணையும் மட்டும் அல்ல.

ஏன் எல்லோரும் நியூயார்க்கில் தொடங்குகிறார்கள்?

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பலர் நியூயார்க்கை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் அந்த ஊரின் கவர்ச்சி அல்ல. அது கேட்கும் காகிதங்கள் குறைவு. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். லைசென்ஸுக்கென்று தனியாக ஆங்கிலத் தேர்வு கேட்பதில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1977-ல் தொடங்கப்பட்ட சி.ஜி.எஃப்.என்.எஸ். என்ற அமைப்பு - இப்போது 'ட்ரூமெரிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது - கல்லூரியிலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் நேரடியாகப் பேப்பர் வரவழைத்துச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். பிறகு என்க்ளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு. கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னொரு 150. பெங்களூரிலும் சென்னையிலும் தேர்வு மையம் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. 2023 ஏப்ரலிலிருந்து புதிய மாதிரி. நோயாளியின் நிலையைக் கொடுத்து, அடுத்து என்ன செய்வாய் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள்.

இந்தத் தேர்வை ஒருமுறை பாஸ் செய்தால் போதும். மாநிலம் மாறினாலும் திரும்ப எழுத வேண்டாம். பலருக்கும் ஆறுதல் தரும் ஒரே செய்தி இது.

தேர்வுக்குப் பிறகு வருவது காத்திருப்பு. இந்தியாவில் பிறந்தவருக்கான, வேலை வழியாகக் கிடைக்கும் இ.பி-3 கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளுக்கு மேல் நீள்கிறது. 2025-ல் வெளிவந்த விசா புல்லட்டின்களில் இந்தியாவுக்கான தேதி 2013-ஐ ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த வரிசையில் கணக்கு, பிறந்த நாட்டை வைத்து. குடியுரிமையை வைத்து அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து மைசூரில் ஒரே பெஞ்சில் படித்த தோழி, கூடலூரில் பிறந்தவளைவிடப் பல ஆண்டுகள் முன்னால் போய்விடலாம். கணவன் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையில் நிற்கவும் வழி உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஜாதகம் பார்க்கும் இடம் இது ஒன்றுதான்.

காத்திருக்கும் காலத்தில் காகிதங்களுக்கு வயதாகிறது. 1996 குடியேற்றச் சட்டம் வெளிநாட்டு நர்ஸ்களின் விசாவுக்குக் கட்டாயமாக்கிய 'விசாஸ்க்ரீன்' சான்றிதழுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். நியூயார்க் லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் தொழில் செய்வதற்கான பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியில் விசா கையில் வரும்போது வேலை கொடுக்கும் ஆஸ்பத்திரி டல்லாஸில் இருக்கும். அப்போதுதான் 'எண்டார்ஸ்மெண்ட்' என்ற சொல் வாழ்க்கைக்குள் நுழைகிறது.

எண்டார்ஸ்மெண்ட் என்றால், ஒரு மாநிலம் கொடுத்த லைசென்ஸை அடிப்படையாக வைத்து இன்னொரு மாநிலம் தன் லைசென்ஸைக் கொடுப்பது. முதல் லைசென்ஸின் நிலையை 'நர்சிஸ்' என்ற பொதுத் தளத்தில் மாநிலங்கள் பார்த்துக்கொள்கின்றன. அந்தப் பகுதி சுளுவாக நடக்கும். டெக்சாஸ் தன் மாநில நர்ஸிங் சட்டம் பற்றி ஒரு தேர்வு வைக்கிறது; அதையும் படித்துப் பாஸ் செய்துவிடலாம். வெளிநாட்டில் படித்தவரிடம்தான் கேள்வி நீள்கிறது. நியூயார்க்குக்காகச் செய்தது, பேப்பர் அசல்தானா என்ற சரிபார்ப்பு. பல மாநிலங்கள் கேட்பதோ, அந்தப் படிப்பு அமெரிக்கப் படிப்புக்குச் சமமா என்ற பாடவாரியான மதிப்பீடு. வேறு அறிக்கை, வேறு கட்டணம். மைசூருக்கு மறுபடி ஒரு கடிதம்.

நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்து ஒரு கூட்டு லைசென்ஸ் ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு மாநிலத்தில் வாங்கினால் கூட்டிலுள்ள மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம். டெக்சாஸ் அதில் இருக்கிறது, நியூஜெர்சி இருக்கிறது. நியூயார்க் இல்லை, கலிஃபோர்னியாவும் இல்லை. இந்தக் கூட்டு லைசென்ஸுக்கு வெளிநாட்டில் படித்தவர் தன் படிப்பை ஒரு சுதந்திரமான அமைப்பு மூலம் மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்றால் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். 'நான் நாலு வருஷமும் இங்கிலீஷ் மீடியம்தானே படித்தேன்' என்றால் எடுபடாது. தாய்மொழி தமிழ் அல்லவா! ஆக, நியூயார்க் கேட்காமல் விட்டதெல்லாம் டல்லாஸ் வாசலில் மொத்தமாக வந்து நிற்கிறது. ஏஜென்ட்கள் 'நியூயார்க் ஈஸி' என்று சொல்லும்போது இந்தப் பாதிக் கதையைச் சொல்வதில்லை.

கூட்டுக்குள்ளேயே ஊர் மாறினாலும் ஒரு விதி இருக்கிறது. நிரந்தர வசிப்பிடத்தை இன்னொரு கூட்டு மாநிலத்துக்கு மாற்றினால் 60 நாளுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடைமுறை. டிரைவிங் லைசென்ஸ் மாற்றுவதில் காட்டும் அவசரத்தை இதிலும் காட்டுங்கள்.

அந்த ஒரு கவர்

எல்லா வழியும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரு கவரில். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் டிரான்ஸ்கிரிப்ட். மடித்து உறையில் போட்டு, ஒட்டிய மடிப்பின் குறுக்கே பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு, கையெழுத்தின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியுமாக விழும்படி ரப்பர் ஸ்டாம்ப் அடித்து, கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். படித்தவர் கை படக் கூடாது. கொரியருக்குப் பணம் மட்டும் அவர் கட்டலாம்.

உள்ளே இருக்கும் படிவம்தான் ஆபீஸ்காரர்களை மிரட்டுவது. அதில் மார்க் கேட்பதில்லை. பாடம், வகுப்பறை மணி நேரம், கிளினிக்கல் மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கட்டம் கட்டமாக இருக்கும். நம் மார்க் ஷீட்டில் 'மெடிக்கல் சர்ஜிக்கல் நர்ஸிங்: 75-க்கு 52' என்று இருக்கும். அதிலிருந்து மணி நேரத்தை எப்படி எடுப்பது? பழைய கிளினிக்கல் போஸ்டிங் பட்டியலைத் தேட வேண்டும். அந்த பேட்ச் எந்த மாதம் சர்ஜிக்கல் வார்டு, எந்த மாதம் ஆபரேஷன் தியேட்டர், எந்த மாதம் லேபர் ரூம், மனநலப் பிரிவுக்கு எத்தனை வாரம் என்று கூட்டிக் கழிக்க வேண்டும். பட்டியல் கிடைக்கும் கல்லூரி பாக்கியசாலிக் கல்லூரி.

இதில் ஒரு வேடிக்கை. நர்ஸிங் மாணவி ஒவ்வொருவரும் பிரசவக் கேஸ் புக் எழுதுகிறார்கள். தான் பார்த்த 20 சுகப்பிரசவங்களை ஒவ்வொன்றாக, தாயின் வயது, வலி தொடங்கிய நேரம், குழந்தை பிறந்த நேரம், எடை, நஞ்சு விழுந்த நேரம் என்று எழுதி டியூட்டரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு லேபர் ரூமில் நின்றதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. அதை எந்த மாநில போர்டும் கேட்பதில்லை. கேட்பது மணிக்கணக்கு.

கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேல். வகுப்பறையில் ஒரு பாடம் நடக்கும் பருவத்திலேயே அதற்கான வார்டு பயிற்சியும் நடந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இந்த விதியால் பெரிதும் அடிபட்டவர்கள் ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ்கள். நம்முடைய பழைய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் ஆண்டு முறையில் ஓடியது. ஓர் ஆண்டில் தியரி, அதன் பயிற்சியில் ஒரு பகுதி அடுத்த ஆண்டில், கடைசியில் தியரியே இல்லாத இன்டர்ன்ஷிப் மாதங்கள் என்று நம் வசதிக்கு வகுத்த திட்டம் அது. அதைக் கலிஃபோர்னியாவின் கட்டத்துக்குள் திணித்தால் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டிப்ளமோவான ஜி.என்.எம். படிப்பு 2015 வரை மூன்றரை ஆண்டு, அதற்குப் பிறகு மூன்று. 2021-க்குப் பிறகு சேர்ந்த பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு செமஸ்டரும் கிரெடிட்டும் வந்துவிட்டதால் அவர்கள் கணக்கு கொஞ்சம் எளிது. முந்தைய தலைமுறைதான் பாவம்.

பள்ளியே மூடிவிட்டிருந்தால்? ஜி.என்.எம். என்றால் பெங்களூரில் இருக்கும் மாநில டிப்ளமோ நர்ஸிங் தேர்வு வாரியம், பி.எஸ்ஸி. என்றால் 1996-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே மார்க் இருக்கும். வார்டு மணி நேரம் பள்ளியின் பீரோவில்தான் இருந்தது. பீரோ யார் வீட்டுக்குப் போனதோ.

இனிஷியல் செய்யும் கோளாறு

தமிழர்களுக்கென்றே தனியாக ஒரு தலைவலி உண்டு. 'எம். செல்வி' என்று எழுதிப் பழகியவர்கள் நாம். பிளஸ் டூ சர்டிஃபிகேட்டில் 'செல்வி எம்', கர்நாடக மார்க் கார்டில் அப்பா பெயரைச் சேர்த்து விரித்த பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் காலியாக இருக்க முடியாது. ஆகவே, 'செல்வி' குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. நியூயார்க் லைசென்ஸ் ஒரு பெயரில், டெக்சாஸ் விண்ணப்பம் இன்னொரு பெயரில், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அஃபிடவிட், நோட்டரி, மறுபடி கொரியர்.

ஊரும் தன் பங்குக்குப் பெயரை மாற்றிக்கொண்டது. 1973-ல் மைசூர் மாநிலம் கர்நாடகமானது. 2014 நவம்பர் 1 முதல் நகரம் மைசூரு. பழைய சர்டிஃபிகேட்டில் ஒன்று, புதிய சீலில் ஒன்று. சந்தேகப்படுவதையே வேலையாகக் கொண்ட மேசையில் இதுவும் ஒரு கேள்வியாகிறது.

சந்தேகம் நியாயம்தான், ஆனால்...

இத்தனை சோதனை எதற்கு என்று கோபப்படுவது சுலபம். 2023 ஜனவரியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் ஒரு மோசடியை வெளிக்கொண்டு வந்தது. ஃப்ளோரிடாவிலிருந்த மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது வழக்கு. வாங்கியவர்களில் பலர் தேர்வையும் எழுதிப் பாஸ் செய்து வேலைக்கும் போயிருந்தார்கள். நம் அம்மா ஐ.சி.யூ-வில் கிடக்கும்போது ஊசியோடு வருகிறவர் உண்மையிலேயே வார்டில் நின்று படித்தவரா என்று நமக்கும் தெரிய வேண்டும். கவனிக்க வேண்டியது, அந்த மோசடி நடந்தது அமெரிக்காவுக்குள்ளேயே.

கூட்டு லைசென்ஸில் சேர மறுக்கும் மாநிலங்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற விதி 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. போராடிப் பெற்ற அந்தத் தரம், வெளி மாநில லைசென்ஸ் திறந்துவிட்டால் நீர்த்துப்போகும் என்று அங்கே உள்ள நர்ஸ்கள் சங்கம் அஞ்சுகிறது. தொழிற்சங்கத்தின் கண்ணில் அது சரிதான்.

என் கட்சி வேறு. சரிபார்ப்பது தேவை, ஒருமுறை ஒழுங்காகச் சரிபார்த்ததை ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து தொடங்குவதுதான் அநியாயம். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி போர்டு இருந்தது. 2010 ஜூலையில் தேசியப் பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று சிட்னியில் பதிவானவர் மெல்பர்னில் போய் டியூட்டி பார்க்கலாம். ஜெர்மனியில் வெளிநாட்டுப் படிப்பை அங்கீகரிப்பது மாநில அலுவலகம்தான், ஆனால் அங்கீகாரம் கிடைத்துவிட்டால் நாடு முழுவதும் செல்லும். சென்னையில் 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்ப மொழிப் பயிற்சி கொடுப்பதன் அருமை இங்கேதான் புரியும். கூட்டாட்சி நாடு என்பதற்காக நர்ஸை ஒவ்வொரு எல்லையிலும் நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவின் ஐம்பது போர்டுகளை மைசூரில் உட்கார்ந்து நாம் திருத்த முடியாது. நம் கையில் இருக்கும் முனையைத் திருத்தலாம். கர்நாடகத்தில் 'சகாலா' என்று ஒரு சட்டம் 2011-லேயே வந்தது. அரசுச் சேவைக்கு நாள் கெடு வைத்து, தாமதித்தால் அதிகாரியிடம் பதில் கேட்கும் சட்டம். சாதிச் சான்றிதழுக்குக் கெடு வைக்கத் தெரிந்த மாநிலத்துக்கு நர்ஸின் டிரான்ஸ்கிரிப்டுக்கும் கவுன்சில் வெரிஃபிகேஷனுக்கும் என்.ஓ.சி-க்கும் கெடு வைத்து, அதைக் கவுன்ட்டர் சுவரில் எழுதிப் போடத் தெரியாதா? மூடப்படும் ஒவ்வொரு நர்ஸிங் பள்ளியும் போஸ்டிங் பட்டியலையும் பாட மணிக் கணக்கையும் கவுன்சிலிடம் ஒப்படைத்த பிறகே பூட்டுப் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு போதும். சாந்தோம் கவுன்சிலும் பெங்களூர் கவுன்சிலும் என்.யூ.ஐ.டி. எண்ணைத் திரையில் பார்த்தே ஒருவர் பதிவை மற்றவர் ஏற்கலாம். தாளவாடிப் பெண் எதற்கு இரண்டு தலைநகருக்கும் பஸ் ஏற வேண்டும்?

மைசூரில் இந்த ஆண்டு கடைசித் தேர்வு எழுதும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹாஸ்டலைக் காலி செய்வதற்கு முன் ஆபீஸுக்குப் போங்கள். தியரி, கிளினிக்கல் மணி நேரம், தொடக்க - முடிவுத் தேதியோடு டிரான்ஸ்கிரிப்ட் கேளுங்கள். உங்கள் பேட்ச் போஸ்டிங் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் பிரின்சிபால் கையெழுத்தோடு நகல் எடுத்து வையுங்கள். இன்டர்ன்ஷிப் கடிதத்தை விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கவுன்சில் பதிவும் பாஸ்போர்ட்டும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்கா போகிற எண்ணமே இல்லை என்றாலும் இதைச் செய்யுங்கள். நாளை உங்களுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைக்கலாம்.